சின்தடேஸ்: செல் ஏடிபியை எண்ணிச் செலவழிக்கும் இடம்

கேள்வி இது: "பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் சிட்ரேட் சின்தேஸ் என்று வருகிறது. இன்னொரு பக்கத்தில் குளூட்டமைன் சின்தடேஸ் என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதானா, இல்லை அச்சுப்பிழையா? இந்த சின்தடேஸ் நொதிகள் செல்லுக்குள் உண்மையில் என்ன செய்கின்றன? அவை இல்லாமல் போனால் என்ன ஆகும்?"

அச்சுப்பிழை இல்லை. பெயர்க் கணக்கை முதலில் முடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் பல வருடமாக உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நிறைய மாணவர்கள் இந்தப் பெயர்க் குழப்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டி இருக்கும் நல்ல பகுதிக்கு வந்து சேர்வதே இல்லை. அந்த ஆதங்கத்தில் பதில் கொஞ்சம் நீளமாகப் போகும்.

இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் நொதிகளுக்குப் பெயர் வைத்தபோது, ஏடிபி (அடினோசின் ட்ரைபாஸ்பேட், செல்லின் ஆற்றல் நாணயம்) மாதிரியான ஒன்றைச் செலவழித்துச் சேர்ப்பதை சின்தடேஸ் என்றும், அந்தச் செலவு இல்லாமல் சேர்ப்பதை சின்தேஸ் என்றும் பிரித்தார்கள். சிட்ரேட் சின்தேஸ் ஏடிபியைத் தொடுவதில்லை. அது எடுத்துக்கொள்ளும் அசிட்டைல் கோஏ என்ற மூலக்கூறிலேயே வேண்டிய ஆற்றல் இருக்கிறது. குளூட்டமைன் சின்தடேஸுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் ஏடிபி கொடுத்தாக வேண்டும். 1984-ல் பெயரிடும் சர்வதேசக் குழு இந்த விதியைத் தளர்த்தியது. ஏடிபி செலவானாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, சின்தேஸ் என்ற சொல்லைப் போடலாம்; சின்தடேஸ் என்று போட்டால் மட்டும் அது லைகேஸாக, அதாவது ஏடிபி போன்றதைச் செலவழித்து இணைக்கும் நொதியாக, இருக்க வேண்டும் என்றது. நொதி வகைப்பாட்டில் லைகேஸ்கள் ஆறாவது வகுப்பு. ஆகவே குளூட்டமைன் சின்தடேஸின் எண் 6.3.1.2. சிட்ரேட் சின்தேஸின் எண் 2.3.3.1. சந்தேகம் வந்தால் எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தால் போதும்.

ஆனால் பழைய பெயர்கள் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை. ஆஸ்பிரின் தடுக்கும் நொதியைப் பழைய மருந்தியல் புத்தகங்கள் புரோஸ்டாகிளான்டின் சின்தடேஸ் என்று எழுதும். அதற்கும் ஏடிபிக்கும் சம்பந்தமே கிடையாது. சிட்ரிக் அமிலச் சுழற்சியில் வரும் சக்சினைல் கோஏ சின்தடேஸுக்கு, அங்கே நடக்கும் வினைக்கு எதிர்த் திசையை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். சுழற்சியில் அது சக்சினைல் கோஏ-யை உடைத்து ஏடிபியையோ, அதைப் போன்ற இன்னோர் ஆற்றல் மூலக்கூறான ஜிடிபியையோ உண்டாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஏடிபியைச் செய்யும் நொதியை ஏடிபி சின்தேஸ் என்றுதான் எழுத வேண்டும். அது ஏடிபியைச் செலவு செய்வதில்லை, சம்பாதித்துக் கொடுக்கிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

இனி விஷயம். "ஏடிபி ஆற்றல் தருகிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். அடுப்புச் சூடு பாத்திரத்துக்கு ஏறுகிற மாதிரி எதுவும் அங்கே நடப்பதில்லை. ஓர் அமிலத்தின் கார்பாக்சில் முனை சாதாரணமாக மந்தமானது. பக்கத்தில் அம்மோனியா வந்து நின்றாலும் அது இணைந்துகொள்ளாது. சின்தடேஸ் செய்வது என்னவென்றால், ஏடிபியிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி அந்த முனையில் ஒட்டிவிடுகிறது. இப்போது அந்த முனை சும்மா இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடும். அடுத்து வரும் மூலக்கூறு அந்தத் துண்டைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இணைப்பு முடிந்தது.

எந்தத் துண்டு என்பதில் இரண்டு பாணி உண்டு. குளூட்டமைன் சின்தடேஸ் ஒரு பாஸ்பேட்டை மட்டும் ஒட்டும். மூன்று பாஸ்பேட் கொண்ட ஏடிபியில் மிச்சம் இருப்பது, இரண்டு பாஸ்பேட் கொண்ட அதன் தம்பியாக, அதாவது அடினோசின் டைபாஸ்பேட்டாக வெளியே போகும். இன்னொரு பாணியில் நொதி ஏஎம்பி என்ற பெரிய துண்டையே, அதாவது ஒரே பாஸ்பேட்டோடு இருக்கும் அடினோசினை, அமிலத்தின் மேல் ஒட்டிவிடும். இரண்டு பாஸ்பேட்டுகள் சேர்ந்த பைரோபாஸ்பேட் தனியாக விழும். விழுந்த பைரோபாஸ்பேட்டை வேறொரு நொதி உடனே இரண்டாக வெட்டிவிடுகிறது. அது இருந்தால்தானே வினை பின்னோக்கிப் போக முடியும்? வெட்டிவிட்ட பிறகு திரும்பிப் போக வழி இல்லை. கணக்குப் பார்த்தால் இந்தப் பாணியில் ஓர் இணைப்புக்கு இரண்டு ஏடிபியின் விலை ஆகிறது. உடலில் கொழுப்பு அமிலத்தை எரிக்கும் முன்னால் அதை அசைல் கோஏ-யாக மாற்றும் சின்தடேஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை எரித்தால் எத்தனை ஏடிபி கிடைக்கும் என்ற கணக்கில், மாணவர்கள் இரண்டு ஏடிபியைக் கழிக்க மறப்பது இந்த இடத்தில்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மின்மினிப்பூச்சியின் வெளிச்சமும் இதே குடும்பம்தான். அதன் வயிற்றில் இருக்கும் லூசிபெரேஸ் நொதி, லூசிபெரின் என்ற அமிலத்தின் மேல் முதலில் ஏஎம்பி-யை ஒட்டுகிறது. பிறகு ஆக்சிஜன் வந்து சேரும்போது ஒளி வருகிறது. கொழுப்பு அமிலத்தை அசைல் கோஏ-யாக்கும் நொதியும் லூசிபெரேஸும் அமைப்பிலும் வேதியியலிலும் உறவினர்கள். லூசிபெரேஸிடம் கொழுப்பு அமிலத்தையும் கோஏ-யையும் கொடுத்தால் அந்தப் பழைய வேலையையும் அது செய்கிறது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். சின்தடேஸ் என்றாலே நான் முதலில் நினைப்பது அமினோஅசைல் கடத்து ஆர்என்ஏ சின்தடேஸ்களைத்தான். பெயர் நீளம். வேலை ஒரே வரி: ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் அதற்குரிய கடத்து ஆர்என்ஏ-யின் நுனியில் மாட்டிவிடுவது. புரதத்தைக் கட்டும் ரைபோசோமுக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து போகும் சிறிய ஆர்என்ஏ-தான் கடத்து ஆர்என்ஏ.

மரபுக் குறியீட்டு அட்டவணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யுயுயு என்றால் பீனைல் அலனைன், ஏயுஜி என்றால் மெத்தியோனைன் என்று 64 கட்டங்கள். வகுப்பில் நான் கேட்கும் கேள்வி: இந்த அட்டவணை செல்லுக்குள் எங்கே இருக்கிறது? யாருக்கு இது தெரியும்? பெரும்பாலும் "ரைபோசோமுக்கு" என்று பதில் வரும். இல்லை. ரைபோசோமுக்கு அமினோ அமிலம் எதுவென்றே தெரியாது. தூது ஆர்என்ஏ-யின் மூன்று எழுத்தும் கடத்து ஆர்என்ஏ-யின் மூன்று எழுத்தும் பொருந்துகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அந்தக் கடத்து ஆர்என்ஏ-யின் மறுமுனையில் எது தொங்கினாலும் எடுத்துச் சங்கிலியில் கோத்துவிடும்.

இதை 1962-ல் ஓர் அழகான சோதனை காட்டியது. பிரான்சுவா ஷாப்வில், பிரிட்ஸ் லிப்மன், சீமோர் பென்சர் உள்ளிட்ட குழு செய்தது. சிஸ்டீனுக்குரிய கடத்து ஆர்என்ஏ-யில், சின்தடேஸைக் கொண்டு முறைப்படி சிஸ்டீனையே ஏற்றினார்கள். பிறகு ரானே நிக்கல் என்ற வினையூக்கியால் அந்த சிஸ்டீனில் இருந்த கந்தகத்தை மட்டும் பிடுங்கினார்கள். கந்தகம் போனால் சிஸ்டீன் அலனைன் ஆகிவிடும். இப்போது கையில் இருப்பது, சிஸ்டீன் முகவரி எழுதிய உறைக்குள் அலனைன். இதை யுரேசிலும் குவானினும் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்என்ஏ-யோடு ரைபோசோமிடம் கொடுத்தார்கள். அந்த ஆர்என்ஏ சிஸ்டீனைக் கேட்கும், அலனைனைக் கேட்காது. ரைபோசோம் ஒரு கேள்வியும் கேட்காமல் சிஸ்டீன் இடத்தில் அலனைனை வைத்தது. அடுத்த ஆண்டு முயலின் ஹீமோகுளோபினை வைத்துச் செய்தபோதும் அதே முடிவு.

இந்தச் சோதனையை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்என்ஏ மொழியையும் அமினோ அமில மொழியையும் ஒரே நேரத்தில் பார்த்து, இது இதற்குத்தான் என்று சேர்த்துவைக்கும் மூலக்கூறு செல்லில் இந்த சின்தடேஸ்கள்தான். அந்த 64 கட்ட அட்டவணை இவற்றின் மடிப்புகளுக்குள் இருக்கிறது. இவை தப்பாக ஏற்றிவிட்டால் அடுத்து வரும் ரைபோசோம் அதைத் திருத்தாது. கடைசிச் சோதனைச் சாவடி இதுதான்.

பிரான்சிஸ் கிரிக் 1955-லேயே, அமினோ அமிலத்துக்கும் ஆர்என்ஏ-க்கும் நடுவே ஓர் இணைப்பான் இருக்க வேண்டும், ஒவ்வொன்றையும் மாட்ட ஒரு தனி நொதி வேண்டும் என்று நண்பர்களுக்குச் சுற்றுக்கு விட்ட குறிப்பில் ஊகித்திருந்தார். அதே காலத்தில் பாஸ்டனில் பால் ஜமெக்னிக், மாலன் ஹோக்லண்ட் இருவரும் எலியின் கல்லீரலை அரைத்து எடுத்த சாற்றில், அமினோ அமிலங்களுக்கு ஏடிபி கொடுத்து உசுப்பும் நொதிகளையும், பிறகு கடத்து ஆர்என்ஏ-யையும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் காகிதத்தில் யோசித்தது, மற்றவர்கள் குழாயில் பார்த்தது, இரண்டும் ஒன்றாகவே வந்து நின்றன.

நொதி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கடத்து ஆர்என்ஏ சுமார் 76 எழுத்து நீளம். மடிந்து ஆங்கில எல் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி நிற்கும். ஒரு முனையில் தூது ஆர்என்ஏ-யோடு பொருந்தும் மூன்று எழுத்தான ஆன்டிகோடான், இன்னொரு முனையில் சி-சி-ஏ என்று முடியும் வால். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 7 நானோமீட்டர். சின்தடேஸ் முதலில் அமினோ அமிலத்தையும் ஏடிபியையும் தன் குழியில் வாங்கி ஏஎம்பி-யை ஒட்டுகிறது. பிறகு அந்தக் கடத்து ஆர்என்ஏ-யைத் தழுவிக்கொண்டு, வாலின் கடைசி ஏ-யில் அமினோ அமிலத்தை மாற்றிவிடுகிறது. ஏஎம்பி விலகிவிடும். இப்போது அந்த நுனியில் இருக்கும் இணைப்பில் ஆற்றல் சேமித்து வைத்திருக்கிறது. ரைபோசோமில் பெப்டைடு பிணைப்பு உருவாகும்போது செலவாவது இந்தச் சேமிப்புதான். ரைபோசோமில் ஜிடிபி செலவாகிறதே என்று கேட்பீர்கள். அது கடத்து ஆர்என்ஏ-யைக் கொண்டுவந்து வைப்பதற்கும் நகர்த்துவதற்கும். பிணைப்பின் விலையைக் கட்டியது சின்தடேஸ்.

சரியான கடத்து ஆர்என்ஏ எது என்று எப்படி அடையாளம் காண்கிறது? பலவும் ஆன்டிகோடானைத் தடவிப் பார்க்கின்றன. ஆனால் எல்லாம் அப்படி இல்லை. அலனைனுக்குரிய சின்தடேஸ் ஆன்டிகோடானைத் தொடுவதே இல்லை. வாலுக்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவது இடத்தில் ஒரு ஜி, எழுபதாவது இடத்தில் ஒரு யு, இந்த ஒற்றை ஜோடியைத்தான் அது பார்க்கிறது. 1988-ல் யா-மிங் ஹோவும் பால் ஷிம்மெலும் இதைக் காட்டினார்கள். வேறோர் அமினோ அமிலத்தின் கடத்து ஆர்என்ஏ-யில் அந்த ஒரு ஜோடியை மட்டும் கொண்டுபோய் வைத்தால், அலனைன் சின்தடேஸ் அதில் அலனைனை ஏற்றிவிடுகிறது. அலனைனின் கடத்து ஆர்என்ஏ-க்கு வேறு பெருமைகளும் உண்டு. ஈஸ்ட்டின் அலனைன் கடத்து ஆர்என்ஏ-தான் முதன்முதலில் முழு எழுத்து வரிசையும் படிக்கப்பட்ட கடத்து ஆர்என்ஏ. ராபர்ட் ஹோலி 1965-ல் அதைப் படித்தார். 1970-ல் ஹர் கோபிந்த் கொரானா குழு செயற்கையாகக் கட்டிய மரபணுவும் அதற்குரியதுதான்.

அமினோ அமிலத்தை அடையாளம் காண்பது இன்னும் கடினம். ஐசோலியூசினையும் வேலினையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐசோலியூசினில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். பெரியது சிறிய குழிக்குள் போகாது, புரிகிறது. ஆனால் பெரிய குழிக்குள் சிறியது தாராளமாகப் போகுமே? கொஞ்சம் தளர்வாக உட்காரும், அவ்வளவுதான். லைனஸ் பாலிங் 1950-களில் கணக்குப் போட்டு, ஐசோலியூசின் வர வேண்டிய இடத்தில் இருபதுக்கு ஒன்று என்ற அளவில் வேலின் நுழையும் என்று மதிப்பிட்டார். இதே அளவு பிழை எல்லா இடத்திலும் இருந்தால் 300 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதத்தில் சராசரியாகப் பதினைந்து தப்பு இருக்கும். அப்படி ஒரு செல் வாழ முடியாது. பிறகு புரதங்களை எடுத்து அளந்து பார்த்தபோது, மூவாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் பிழை இருந்தது. பாலிங் கணக்கில் தப்பு இல்லை. நொதி அவர் கணக்கில் சேர்க்காத ஒன்றைச் செய்துகொண்டிருந்தது.

1966-ல் ஆன் பால்ட்வினும் பால் பெர்க்கும் அதைப் பிடித்தார்கள். ஐசோலியூசின் சின்தடேஸ் வேலினையும் எடுத்து அதன் மேல் ஏஎம்பி-யை ஒட்டிவிடுகிறது. ஆனால் ஐசோலியூசினுக்குரிய கடத்து ஆர்என்ஏ பக்கத்தில் வந்ததும், அந்த வேலினை உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. செலவழித்த ஏடிபி போனது போனதுதான். தப்பை ஏற்றுவதைவிட ஏடிபியை இழப்பது மேல் என்று அந்த நொதி வடிவமைந்திருக்கிறது.

1970-களில் ஆலன் ஃபெர்ஷ்ட் இதற்குக் கொடுத்த விளக்கம் இரட்டைச் சல்லடை. நம் வீட்டில் மாவு சலிப்பது போலத்தான். முதல் சல்லடை ஐசோலியூசினைவிடப் பெரியதையும் வடிவம் பொருந்தாததையும் மேலேயே நிறுத்திவிடும். ஐசோலியூசினும் அதைவிடச் சிறியவையும் கீழே இறங்கும். இரண்டாவது சல்லடையின் கண் இன்னும் சிறியது. வேலின் அதில் விழும், ஐசோலியூசின் விழாது. ஆனால் இங்கே விழுந்தது குப்பை, மேலே நின்றதுதான் மாவு. பின்னாளில் நொதியின் படிக அமைப்பை எடுத்தபோது, ஏற்றும் குழியும் வெட்டும் குழியும் ஒரே நொதியில் 3 நானோமீட்டருக்கும் மேல் தள்ளித்தள்ளி இருப்பது தெரிந்தது. கடத்து ஆர்என்ஏ-யின் வால் ஓர் இடத்திலிருந்து மற்ற இடத்துக்கு வளைந்து போகிறது, தன் நுனியில் இருப்பதைச் சோதனைக்குக் காட்டுவதற்காக.

எல்லா சின்தடேஸுக்கும் இந்த இரண்டாம் சல்லடை கிடையாது. டைரோசினுக்குரியதற்கு அது தேவைப்படவில்லை. பீனைல் அலனைனில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் டைரோசினில் இருக்கிறது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாலே போதும். எங்கே ஏமாற வாய்ப்பு உண்டோ அங்கேதான் திருத்தும் குழி இருக்கிறது.

"இல்லாமல் போனால் என்ன ஆகும்" என்று கேட்டீர்கள். முழுதாக இல்லாமல் போனால் அந்த செல் பிழைக்காது. அதனால் பாதி கெட்ட நிலையைப் பார்ப்போம். 2006-ல் ஓர் எலி வகையைப் பற்றி ஆய்வு வந்தது. அந்த எலிகளின் ரோமம் ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பாகத் தெரியும். வளர வளர நடை தள்ளாடும். காரணம் தேடிப் போனால், அலனைன் சின்தடேஸின் திருத்தும் பகுதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அலனைன் இடத்தில் அவ்வப்போது செரின் ஏறிவிடுகிறது. திருத்தம் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்கே சிறுமூளையின் பர்கிஞ்ச் செல்களில் தப்பாக மடிந்த புரதம் குவிந்து, அந்த செல்கள் சாகின்றன. நரம்பு செல்கள் பிரிந்து பெருகுவதில்லை. சேர்ந்த குப்பையைப் புது செல்களுக்குப் பங்கு போட்டுக் கரைக்க அவற்றுக்கு வழி இல்லை. மனிதரில் கிளைசினுக்குரிய சின்தடேஸில் வரும் சில மாற்றங்கள் சார்கோ-மாரி-டூத் என்ற நரம்பு நோயின் ஒரு வகையை உண்டாக்குகின்றன. கையும் காலும் மெல்ல மெல்ல வலுவிழக்கும்.

இதே நொதிகள் மருந்துக்கும் நல்ல இலக்கு. என் மகளுக்குச் சின்ன வயதில் மூக்குக்குக் கீழே கொப்புளம் வந்து, உடைந்து, தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்குக் கட்டியது. டாக்டர் பார்த்தவுடன் முபிரோசின் களிம்பு எழுதிக் கொடுத்தார். கடையில் வாங்கிய அந்தச் சின்ன ட்யூபில் 2 சதவீதம் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வகுப்பில் வருடா வருடம் நான் படம் போட்டுக் காட்டும் ஐசோலியூசின் சின்தடேஸை அடைக்கும் மருந்து அது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற பாக்டீரியா தன் போட்டியாளர்களை அடக்கத் தயாரிப்பது. ஏஎம்பி ஒட்டிய ஐசோலியூசினின் சாயலில் இருப்பதால், பாக்டீரியாவின் நொதி இதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு முடங்கிவிடுகிறது. நம்முடைய நொதியின் குழி வேறு மாதிரி என்பதால் நமக்குத் தொந்தரவு இல்லை. உடலுக்குள் போனால் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால்தான் மாத்திரையாக வராமல் தடவும் மருந்தாக மட்டும் இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: டாக்டர் சொல்லாமல் இதை எல்லாப் புண்ணுக்கும் தடவாதீர்கள். இந்த மருந்து பிடிக்காத வேறொரு ஐசோலியூசின் சின்தடேஸின் மரபணுவைச் சில ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. அது பரவினால் நல்ல மருந்து ஒன்று வீணாகிவிடும்.

நகப் பூஞ்சைக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டாவபோரோல், லியூசின் சின்தடேஸின் திருத்தும் குழியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம், தசை அழற்சி உள்ள சிலருக்கு எடுக்கச் சொல்லும் "ஆன்டி ஜோ-1" இரத்தப் பரிசோதனை, ஹிஸ்டிடின் சின்தடேஸுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது.

அமினோ அமிலம் ஏற்றும் கதையை இங்கே நிறுத்திக்கொண்டு அம்மோனியாவுக்கு வருகிறேன். நாம் சாப்பிடும் புரதம் சிதையும்போது அம்மோனியா வருகிறது. மூளைக்கு அது விஷம். கல்லீரல் அதன் பெரும்பகுதியை யூரியாவாக்கிவிடும். தப்பி வருவதைப் பிடிக்கக் கல்லீரலுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரத்தம் கல்லீரலை விட்டு வெளியேறும் மைய நாளத்தைச் சுற்றி, ஒன்றிரண்டு வரிசை செல்களில் மட்டும் குளூட்டமைன் சின்தடேஸ் நிறைந்திருக்கும். குளூட்டமேட்டும் அம்மோனியாவும் ஓர் ஏடிபியும் சேர்ந்து, தீங்கில்லாத குளூட்டமைன் ஆகிவிடும். வாசலில் நிற்கும் கடைசிக் காவல் அது. மூளையில் இந்த வேலை ஆஸ்ட்ரோசைட் செல்களுடையது. கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு அம்மோனியா ஏறும்போது, அந்த செல்களுக்குள் குளூட்டமைன் சேர்ந்து, தண்ணீர் புகுந்து வீங்குகின்றன. நோயாளி பகலில் தூங்கி வழிவதும், பேச்சு குழறுவதும், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடப்பதும் அதன் அடையாளங்கள்.

இந்த நொதியை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ரொட்டிக் கதை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிலாந்தில் கோதுமை மாவை வெளுக்க நைட்ரஜன் டிரைகுளோரைடு வாயுவைச் செலுத்துவார்கள். அந்த மாவில் செய்ததைத் தின்ற நாய்கள் வெறி பிடித்த மாதிரி ஓடி வலிப்பில் விழுந்தன. மாவுதான் காரணம் என்று 1946-ல் எட்வர்ட் மெல்லன்பி காட்டினார். பின்னர் விஷப்பொருள் எது என்றும் தெரிந்தது: கோதுமைப் புரதத்தின் மெத்தியோனைன், அந்த வாயுவால் மெத்தியோனைன் சல்பாக்ஸிமைனாக மாறியிருந்தது. அது குளூட்டமேட்டின் இடத்தில் போய் உட்காரும். நொதி வழக்கம்போல ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அதன் மேல் ஒட்டும். அதோடு சரி, பிறகு விடவே விடாது. மாவை அப்படி வெளுப்பதைப் பின்னர் கைவிட்டார்கள்.

வயலிலும் இதே நொதிதான். நெல்லுக்கு யூரியா போட்டால் மண்ணில் அது சிதைந்து அம்மோனியம் ஆகிறது. வேர் எடுத்துக்கொண்டவுடன் முதலில் பிடித்து வாங்குவது குளூட்டமைன் சின்தடேஸ். பயிரின் புரதமும் பச்சையமும் இந்த வாசல் வழியாக வந்த நைட்ரஜன்தான். குளூஃபோசினேட் என்ற களைக்கொல்லி இதை அடைக்கிறது. இலைக்குள் அம்மோனியா சேர்ந்து, ஒளிச்சேர்க்கை குலைந்து, சில நாளில் செடி காய்கிறது. 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்து, பிறகு உச்ச நீதிமன்றம் வரை போன டிஎம்எச்-11 மரபணு மாற்றுக் கடுகின் விவாதத்தில் "பார்" மரபணு என்று அடிக்கடி காதில் விழுந்திருக்கும். அது இந்தக் களைக்கொல்லியைச் செயலிழக்கவைக்கும் நொதிக்கான மரபணு.

யூரியா சுழற்சியிலும் இரண்டு சின்தடேஸ்கள் இருக்கின்றன. ஒன்றான ஆர்ஜினினோசக்சினேட் சின்தடேஸ் குறைந்தால் சிட்ருலின் இரத்தத்தில் தேங்கும். சிட்ருலின் என்ற பெயர் தர்பூசணியின் தாவரப் பெயரான சிட்ருல்லஸிலிருந்து வந்தது. இன்னொன்று சுழற்சிக்கு வாசலான கார்பமாயில் பாஸ்பேட் சின்தடேஸ் 1. ஒவ்வொரு முறையும் இரண்டு ஏடிபி வாங்கும். இது பிறவியிலேயே இல்லாத குழந்தை, பிறந்தபோது நன்றாகவே இருக்கும். வயிற்றில் இருந்தவரை அம்மாவின் உடல் சுத்தம் செய்து கொடுத்தது. ஓரிரு நாளில் பால் குடிக்காது, துவண்டு தூங்கும், வாந்தி எடுக்கும். நோய்த்தொற்று என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியாவை அளந்து பார்ப்பது ஓர் உயிரைக் காப்பாற்றலாம். 2025-ல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், இந்தக் குறையோடு பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு, அவன் மரபணுவில் இருந்த எழுத்துப்பிழைக்கென்றே தனியாகத் தயாரித்த மரபணுத் திருத்த மருந்தைக் கொடுத்தார்கள். ஒரே ஒருவருக்காக அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. ஆறு மாதத்தில் அதை வடிவமைத்துத் தயாரித்து முடித்தார்கள். மருந்துக்குப் பிறகு அவனால் கூடுதல் புரதம் சாப்பிட முடிந்தது, அம்மோனியா குறைப்பு மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது.

கடைசியாக, சின்தடேஸ் இல்லாததே நமக்கு உதவும் ஓர் இடம். நம் செல்கள் பெரும்பாலும் அஸ்பார்ஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும். அதற்கு அஸ்பார்ஜின் சின்தடேஸ் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோயின் செல்களில் இந்த நொதி மிகக் குறைவு; இரத்தத்தில் மிதந்து வரும் அஸ்பார்ஜினை நம்பித்தான் அவை வாழ்கின்றன. 1953-ல் ஜான் கிட், கினிப்பன்றியின் சீரத்தைச் செலுத்தினால் எலியின் லிம்போமா கரைவதைப் பார்த்தார். அந்தச் சீரத்தில் இருந்த அஸ்பார்ஜினேஸ் நொதிதான் காரணம் என்று 1961-ல் ஜான் புரூம் காட்டினார். அது இரத்தத்தில் இருக்கும் அஸ்பார்ஜினை உடைத்துத் தீர்த்துவிடுகிறது. மற்ற செல்கள் தங்கள் சின்தடேஸைக் கொண்டு, ஏடிபி செலவழித்துச் சமாளித்துக்கொள்ளும். புற்று செல்லுக்கு அந்த வழி இல்லை, பட்டினியில் சாகிறது. இன்றைக்கும் குழந்தைகளின் புற்றுநோய்ப் பிரிவுகளில் மற்ற மருந்துகளோடு சேர்த்து இதை ஊசியாகப் போடுகிறார்கள், பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் புற்று செல்களைக் கவனித்தால், மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் செல்கள் பலவற்றில் அஸ்பார்ஜின் சின்தடேஸின் மரபணு மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.